எடைக்குப் போட்ட ராவ் பகதூர்

ஒரு ராவ் பகதூரின் எடை எவ்வளவு இருக்கும்?

ஆளைக் கேட்கவில்லை. காகிதத்தைக் கேட்கிறேன். வைஸ்ராய் கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து, 'இன்னாருக்கு இந்தப் பட்டம் வழங்கியிருக்கிறோம்' என்று எழுதிக் கொடுத்த ஒற்றைத் தாள். நூறு கிராம்கூடத் தேறாது. பழைய பேப்பர் கடையில் போட்டால் ஒரு டீக்குக் காசு வராது. ஆனாலும் போடுகிறார்கள். வீடு மாறும்போது, பாகம் பிரிக்கும்போது, பழைய வீட்டை இடிக்கும்போது... பரணிலிருந்து இறங்கும் டிரங்குப் பெட்டியில் முதலில் காலியாவது இந்த மாதிரிக் காகிதங்கள்தான்.

சென்னையிலிருந்து பெங்களூர் சாலையில் பூந்தமல்லி, செம்பரம்பாக்கம் தாண்டினால் தண்டலம். அங்கிருந்து இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று தொழிற்சாலைகளின் ராஜ்ஜியம். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார் உருண்டு வெளியே வந்தது. அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் ஏக்கர் கணக்கில் பேசிக்கொண்டிருந்தவர்கள் சதுர அடி கணக்கில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டுக்கு வீடு ஒரு ஃபைல். அதற்குள் பட்டா, சிட்டா, மூலப் பத்திரம், முப்பது வருஷத்துக்கு வில்லங்கச் சான்றிதழ். எல்லாம் பீரோ லாக்கரில் பத்திரம். நில விலை கற்றுக்கொடுத்த பாடம் அது: காகிதம் இல்லாவிட்டால் நிலம் உங்களுடையது இல்லை!

சரி, நிலத்துக்குக் காகிதம் வேண்டும். மனிதனுக்கு?

பட்டாவுக்குக் கிடைக்கிற மரியாதை ஏனோ பட்டத்துக்குக் கிடைப்பதில்லை. பதக்கம் என்றாலாவது, வெள்ளியோ வெண்கலமோ, கையில் கனக்கிறது. ஷோகேஸில் வைக்கிறோம். அதோடு வந்த சான்றிதழ்? மடித்து எங்கேயோ செருகி... அவ்வளவுதான். பதக்கம் சேகரிப்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். சான்றிதழ்களைத் தேடிச் சேகரிப்பவர்கள் அதில் ஒரு சின்னக் கூட்டம். ஆனால் விவரம் தெரிந்த கூட்டம்!

பி.காம். முதல் வருஷத்திலேயே தலையில் குட்டிச் சொல்லிக்கொடுப்பார்கள்: வவுச்சர் இல்லாமல் என்ட்ரி போடாதே. பொருள் வந்தது, பணம் போனது எல்லாம் சரி. யாருக்கு, எதற்கு, எந்தத் தேதியில், யார் அனுமதித்தார்கள் என்று ஒரு துண்டுக் காகிதம் சொல்ல வேண்டும். வரலாற்றுக்கும் அதே விதிதான். பதக்கம் என்பது சரக்கு. சான்றிதழ்தான் வவுச்சர்.

பிரிட்டிஷ் காலத்தில் சிப்பாய்களுக்குக் கொடுத்த பதக்கங்களின் விளிம்பில் பெயர், எண், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருப்பார்கள். பெரிய மனிதர்களுக்குக் கொடுத்த 'ஆர்டர்' வகைச் சின்னங்களில் பெயர் பொறிக்கும் வழக்கம் இல்லை. அதைத் தனியாகக் கையில் எடுத்தால், அது யாருடைய மார்பில் தொங்கியது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. இன்னொன்று, உலோகம் உருகும். 1980 வாக்கில் உலகச் சந்தையில் வெள்ளி விலை எகிறியபோது முதல் உலகப் போர்ப் பதக்கங்கள் எத்தனையோ உருக்குப் பட்டறைக்குப் போயின. அசல் வெள்ளி அல்லவா!

* * *

கொடுத்ததற்குச் சான்று எழுதித் தருவது நமக்குப் புதிதா என்ன? ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜரின் சீடர் கூரத்தாழ்வானின் ஊர், காஞ்சிபுரம் பக்கத்தில் இருக்கும் கூரம். அங்கே ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் பரமேஸ்வரவர்மனின் செப்பேடுகள் கிடைத்தன. ஒரு கிராமத்தைத் தானமாகக் கொடுத்தது, கோயிலுக்கு என்ன பங்கு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கு என்ன பங்கு என்று பைசா சுத்தமாகக் கணக்கு எழுதியிருக்கிறார்கள். கொடுத்தவனும் இல்லை, வாங்கியவர்களும் இல்லை. வவுச்சர் மட்டும் 1,300 வருஷம் கழித்தும் பேசுகிறது.

கம்பெனியும் அதன் பிறகு மகாராணியும் வந்தபோது செம்பு போய்க் காகிதம் வந்தது. அதற்குப் பெயர் 'சன்னது'. அரபி, பாரசீகம் வழியாக வந்த வார்த்தை. அதிகாரத்தில் இருப்பவர் எழுதிக் கொடுக்கும் உரிமைச் சீட்டு.

1877 ஜனவரி 1. டெல்லியில் பிரமாண்டமான தர்பார். விக்டோரியா மகாராணி இந்தியாவின் சக்கரவர்த்தினி ஆகிவிட்டார் என்று அறிவித்தார் வைஸ்ராய் லிட்டன். அந்தச் சந்தோஷத்தில் ஊர் ஊராகப் பெரிய மனிதர்களுக்கு 'கௌரவச் சான்றிதழ்கள்' வழங்கப்பட்டன. பேரரசி பெயரால், இன்னாருடைய இன்ன சேவைக்காக என்று அச்சடித்த தாள்.

அதே நேரத்தில் இங்கே என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா? தாது வருஷப் பஞ்சம்! சென்னை மாகாணமே சுருண்டு கிடந்தது. தண்டலம், ஸ்ரீபெரும்புதூர் எல்லாம் அடங்கிய அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவும் தப்பவில்லை. தர்பார் முடிந்த கையோடு, அதே ஜனவரியில், பஞ்சச் செலவைக் குறைக்க ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை அனுப்பினார் லிட்டன். நிவாரண வேலைக்கு வந்த ஓர் ஆணுக்கு அவர் நிர்ணயித்த கூலி: ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும். அரை கிலோவுக்கும் குறைவு! அதைச் சாப்பிட்டுவிட்டு மண் வெட்ட வேண்டும். 1876-78 பஞ்சத்தில் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள்.

அவர்களில் யாருக்கும் சான்றிதழ் இல்லை. ஆகவே, 1877 தேதியிட்ட ஒரு கௌரவச் சான்றிதழ் எங்காவது கண்ணில் பட்டால் இரண்டு முறை படியுங்கள். முதல் முறை, அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்காக. இரண்டாம் முறை, எழுதாமல் விட்டது என்ன என்பதற்காக.

அப்புறம் பட்டங்களுக்கு ஒரு படிக்கட்டே கட்டினார்கள். நம் பக்கத்தில் கீழ்ப்படி ராவ் சாகிப். அதற்கு மேலே ராவ் பகதூர். உச்சியில் திவான் பகதூர். முஸ்லிம்களுக்குக் கான் சாகிப், கான் பகதூர். பண்டிதர்களையும் விடவில்லை, 1887-ல் மகாராணியின் பொன்விழாவை ஒட்டி 'மகாமகோபாத்தியாய' பட்டம் ஏற்படுத்தினார்கள். 1906-ல் அதைப் பெற்றவர் உ.வே.சாமிநாதையர். மக்கள் கொடுத்த 'தமிழ்த் தாத்தா'வுக்கு மட்டும் எந்தச் சன்னதும் கிடையாது. ஆனால் நிலைத்தது எது என்று சொல்ல வேண்டியதில்லை!

கவனியுங்கள், இந்த ராவ் பகதூர் வகையறாப் பட்டங்களுக்கு ரொம்ப காலம் சன்னதுதான் பிரதானம். இந்தப் பட்டக்காரர்கள் எல்லோருக்கும் கழுத்தில் தொங்கவிட ஒரு சின்னம் என்று வகுத்துக் கொடுத்தது 1911 டெல்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ். படிக்கு ஏற்ற மாதிரி ரிப்பன் நிறம் மாறும். ஆக, காகிதம் முந்தி, பதக்கம் பிந்தி.

பெரிய இடத்துக் கதை இன்னும் வேடிக்கை. 1861-ல் ஆரம்பித்த 'ஸ்டார் ஆஃப் இந்தியா' விருதின் முதல் வகுப்புச் சின்னத்தில் வைரம் பதித்திருப்பார்கள். மகாராஜாக்கள் ஆசைப்பட்டதில் ஆச்சரியமில்லை. ஆனால் ஒரு நிபந்தனை: பெற்றவர் காலமானால் வாரிசுகள் அதைத் திருப்பித் தர வேண்டும். வைரம் சர்க்காருக்கு, வாடகைச் சைக்கிள் மாதிரி! குடும்பத்துக்கு மிஞ்சுவது நியமனத்துக்கு ஆதாரமான காகிதம் மட்டும்.

* * *

ஒரே மாதிரிக் காகிதம், ஆனால் ஆளுக்கு ஆள் அதன் அர்த்தம் வேறு. இரண்டு பேரைப் பார்க்கலாம்.

முதலாமவர், சர் எஸ்.சுப்பிரமணிய ஐயர். மதுரைக்காரர். சென்னை உயர் நீதிமன்றத்தின் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவே இருந்தவர். திவான் பகதூர். 1900-ல் 'சர்' பட்டத்தோடு கூடிய கே.சி.ஐ.இ. விருதும் வந்தது. ஓய்வுபெற்ற பின் அன்னி பெசன்ட்டின் ஹோம் ரூல் இயக்கத்தில் சேர்ந்தார். 1917 ஜூனில் பெசன்ட்டை அரசு காவலில் வைத்தது. பெரியவர் என்ன செய்தார்? இங்கிலாந்து ராஜாவுக்கு எழுதவில்லை. நேராக அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சனுக்கு ஒரு கடிதம்! தபாலில் போட்டால் பிரித்துவிடுவார்களே என்று ஓர் அமெரிக்கத் தம்பதியிடம் கொடுத்தனுப்பினார். விஷயம் வெளியே வந்து லண்டனில் ஒரே களேபரம். இந்தியா மந்திரி மாண்டேகு கடுமையாகக் கண்டித்தார். 'அப்படியா?' என்று 1918-ல் தன் பட்டங்களைத் துறந்தார் ஐயர். தாகூர் 'சர்' பட்டத்தை வேண்டாம் என்று எழுதியது 1919-ல். காந்தி தனது கெய்ஸர்-இ-ஹிந்த் பதக்கத்தையும் தென்னாப்பிரிக்கப் போர்ப் பதக்கங்களையும் திருப்பிக் கொடுத்தது 1920 ஆகஸ்டில். நம் ஊர்க்காரர் இரண்டு பேருக்கும் முன்னோடி.

இரண்டாமவர், இரட்டைமலை சீனிவாசன். செங்கல்பட்டு ஜில்லா கோழியாளம் கிராமத்தில், தீண்டாமைக்கு ஆளான குடும்பத்தில் பிறந்தவர். 1893-ல் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை நடத்திய துணிச்சல்காரர். 1924-ல், பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்ற தீர்மானம் சென்னை சட்டசபையில் வந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1930-ல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேஜை மாநாட்டில் உட்கார்ந்தார். அவருக்கு 1926-ல் ராவ் சாகிப், 1930-ல் ராவ் பகதூர், 1936-ல் திவான் பகதூர். மூன்று படியையும் ஏறியவர். எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை.

உடனே 'அவர் தியாகி, இவர் அரசு ஆதரவாளர்' என்று பிரித்துவிடலாமா? அவசரப்படாதீர்கள். எல்லா மரியாதையும் பிறப்பிலேயே கிடைத்த ஒருவருக்குப் பட்டத்தைத் தூக்கிப் போடுவது கௌரவம். தெருவில் நடக்கவே தீர்மானம் தேவைப்பட்ட ஒரு சமூகத்தில் பிறந்தவருக்கு, ஊரறிய அந்தப் பட்டத்தோடு கூப்பிடவைப்பது கௌரவம். 'ஏய்' என்று கூப்பிட்டுப் பழகிய வாய்கள் 'ராவ் பகதூர்' என்று கூப்பிட்டே ஆகவேண்டும்! துறந்ததும் போராட்டம், வைத்துக்கொண்டதும் போராட்டம். பதக்கத்தைப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது. பெயரும் தேதியும் இருக்கிற காகிதம்தான் அந்தக் கதைக்குள் கூட்டிக்கொண்டு போகும்.

மூன்றாவதாக ஒருவரும் இருக்கிறார். அவருடைய சன்னது வேறு மாதிரி. வக்கீல் தொழில் செய்வதற்கான அனுமதிக்கும் அந்தக் காலத்தில் 'சன்னது' என்றுதான் பெயர். 1908-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் அது குறைந்து 1912-ல் விடுதலை. ஆனால் சன்னது பறிபோய்விட்டது. கப்பல் போச்சு, பிழைப்பும் போச்சு. பல வருஷம் கழித்து வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் உதவியால் அந்தச் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றிக்கு வ.உ.சி. என்ன செய்தார்? மகனுக்கு 'வாலேஸ்வரன்' என்று பெயர் வைத்தார்! ஒரு தாளின் மதிப்பு தெரிந்த மனிதர்.

* * *

சுதந்திரம் வந்தது. அரசியல் சட்டத்தின் 18-வது பிரிவு பட்டங்களுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. ராணுவம், கல்வி சார்ந்த சிறப்புகள் தவிர அரசு எந்தப் பட்டமும் தரக்கூடாது. 1954-ல் பாரத ரத்னா வந்தபோது முதல் மூன்று பேர் ராஜாஜி, ராதாகிருஷ்ணன், சி.வி.ராமன். என்ன கொடுக்கிறார்கள்? அரசமர இலை வடிவப் பதக்கம் ஒன்று, ஜனாதிபதி கையெழுத்திட்ட சான்று ஒன்று. பணம் கிடையாது. அந்தச் சான்றின் பெயர் இன்றைக்கும் 'சனத்'. அதே பழைய சன்னதுதான்! இது விருது, பட்டமல்ல. பெயருக்கு முன்னும் பின்னும் போட்டுக்கொள்ளக்கூடாது என்று 1995 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது.

1972-ல் சுதந்திர வெள்ளி விழா. பிரதமர் இந்திரா காந்தி தியாகிகளுக்குத் 'தாமிரப் பத்திரம்' வழங்கினார். பல்லவ மன்னன் மாதிரி மறுபடியும் செம்பு! கூடவே மத்திய அரசின் தியாகி பென்ஷன். ஆரம்பத்தில் மாதம் 200 ரூபாய். குறைந்தது ஆறு மாதம் சிறையில் இருந்திருக்க வேண்டும். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் மூன்று மாதம்.

இங்கேதான் வந்தது வினை. ஆதாரம் எங்கே?

முப்பது, நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஜெயிலுக்குப் போனவர் கையில் என்ன காகிதம் வைத்திருப்பார்? சிறைப் பதிவேட்டிலிருந்து சான்று வேண்டும். பதிவேடே இல்லையென்றால், கூடச் சிறையில் இருந்தவரிடம் சான்று வாங்க வேண்டும். அவர் உயிரோடு இருக்க வேண்டுமே! போலீஸுக்குத் தெரியாமல் தலைமறைவாக இருந்தவர், தலைமறைவாக இருந்ததற்குப் போலீஸ் ஆவணத்தைத் தேடி அலைந்தார். இதைவிட விநோதம் உண்டா? ஆங்கிலேயனுக்குச் சலாம் போட்டவர் வீட்டில் சன்னது ஃபிரேம் போட்டுத் தொங்குகிறது. அடி வாங்கியவர் வீட்டில் ஒரு சீட்டுகூட இல்லை. 2001-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது, தியாகிகளிடம் கிரிமினல் கேஸ் மாதிரி ஆதாரம் கேட்காதீர்கள் என்று. அதற்குள் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்களோ.

சேகரிப்பவர்கள் ராவ் பகதூர் சன்னதை மட்டும் தேடிப் போவது பாதி வேலை என்று நான் சொல்வது இதனால்தான். சிறை விடுதலைச் சீட்டு, தாமிரப் பத்திரம், பென்ஷன் உத்தரவு... இவையும் விருதுச் சான்றிதழ்கள்தாம். கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் மட்டும் எழுதினால் டேலி ஆகாது.

* * *

'எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. அசலா, போலியா?' என்பவர்களுக்குச் சில எளிய சோதனைகள்.

முதலில் தேதியையும் கையெழுத்தையும் ஒட்டிப் பாருங்கள். 1928 தேதியிட்ட வைஸ்ராய் சன்னதில் வில்லிங்டன் கையெழுத்து இருந்தால், வணக்கம் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடலாம். அப்போது வைஸ்ராய் இர்வின். வில்லிங்டன் 1919 முதல் 1924 வரை சென்னை கவர்னர். வைஸ்ராய் ஆனது 1931-ல்தான். போலி செய்பவர்கள் சறுக்கும் இடம் இது. இரண்டாவது, பட்டங்கள் புத்தாண்டு தினத்திலும் ராஜாவின் பிறந்தநாளிலும் மொத்தமாக அறிவிக்கப்பட்டு அரசிதழில் வரும். வவுச்சரை லெட்ஜரோடு ஒப்பிடுவது மாதிரி, சான்றிதழை அரசிதழோடு ஒப்பிடலாம். எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இதற்கெல்லாம் பொக்கிஷம்.

சோவியத் யூனியனில் இதைவிடக் கறார். முக்கியமான விருதுச் சின்னங்களின் பின்புறம் வரிசை எண். அதே எண்ணோடு ஒரு சின்ன விருதுப் புத்தகம். இரண்டும் பொருந்தினால்தான் சேகரிப்பவர்கள் மத்தியில் மதிப்பு. ரஷ்யாவில் அரசு விருதுகளை வாங்குவதும் விற்பதும் குற்றம் என்பது வேறு விஷயம்!

நம் சட்டமும் காகிதத்தை மதிக்கத்தான் செய்கிறது. 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, பொதுவாக ஒரு பொருள் நூறு வருஷம் தாண்டினால்தான் தொல்பொருள். வரலாற்று மதிப்புள்ள ஆவணத்துக்கு 75 வருஷமே போதும்! தொல்பொருள் வியாபாரத்துக்கு லைசென்ஸ் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. அதாவது, நீங்கள் கிலோ கணக்கில் போடுகிற தாத்தாவின் தாளை, சட்டம் தேசத்தின் சொத்தாகப் பார்க்க இடமிருக்கிறது.

வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள்; நாளாக நாளாகக் காகிதத்தைக் கெடுக்கும், பிரிக்கவும் முடியாது. மடிப்பைப் பிரித்து, வெயிலும் ஈரமும் படாமல் வையுங்கள். ஒரு தனித் தாளில் பென்சிலால் எழுதிக் கூடவே வையுங்கள்: இவர் யார், நமக்கு என்ன உறவு, இது எதற்காகக் கிடைத்தது, அன்றைக்கு ஊரில் இவரைப் பற்றி என்ன பேசினார்கள். நல்லதோ கெட்டதோ, மறைக்காமல். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அது வெறும் இங்கிலீஷ் தாள்.

தண்டலம் பக்கத்துப் பத்திர எழுத்தரைக் கேட்டுப் பாருங்கள். தாய்ப் பத்திரம் தொலைந்த நிலத்தைத் தொடவே பயப்படுவார். பாட்டன், பூட்டன் யாரென்று சொல்லும் காகிதத்தை எடைக்குப் போட்டுவிட்டு, பாட்டன் நிலத்துக்கு மட்டும் வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். பாட்டனுக்கு யார் போட்டுப் பார்ப்பது?